எட்டுக்கு நாலு

பிளைவுட் கடையில் போய் நின்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எம்.எம்.?" என்பதுதான். அடுத்து, "எந்த கிரேடு? எம்.ஆரா, பி.டபிள்யூ.பி.யா?" பிறகு, "எத்தனை ஷீட்?" நீளமும் அகலமும் எவ்வளவு என்று அநேகமாகக் கேட்கவே மாட்டார். அது தீர்ந்துபோன விஷயம். எட்டுக்கு நாலு. ஏழுக்கு நாலு, ஆறுக்கு மூணு என்று சில்லறை அளவுகளும் உண்டு. கேட்டால் உள்ளே போய்த் தேடுவார்.

மெட்ரிக் முறைக்கு மாற இந்தியா சட்டம் போட்டது 1956இல். அதன்பிறகு பிளைவுட்டில் தடிமன் மட்டும் மில்லிமீட்டருக்கு நகர்ந்தது. நீளமும் அகலமும் அடியிலேயே நின்றுவிட்டன, விலையும் சதுர அடிக்குத்தான். ஒரே பலகையில் இரண்டு அளவு பிரிட்டிஷ் சாம்ராஜ்யம், மூன்றாவது பிரெஞ்சுப் புரட்சி. ஆலைக் காகிதங்களில் 2440 x 1220 என்று அச்சிட்டிருக்கும். அதுவும் எட்டு அடியையும் நாலு அடியையும் மில்லிமீட்டரில் எழுதி முழுமையாக்கிய எண்தான்.

என் தொழிலில் இப்படிப்பட்ட எண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் எப்போதோ ஏதோ ஒரு காரணத்துக்காக நிரலில் எழுதிவைத்த மாறிலி. காரணம் போய்விட்டது, எழுதியவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். மாற்றினால் எங்கெங்கே உடையும் என்று தெரியாததால் யாரும் அதைத் தொடுவதில்லை.

இந்த மாறிலிக்கு எடை உண்டு. 18 எம்.எம். பிளைவுட் ஒரு ஷீட், மரத்தைப் பொறுத்து 30 கிலோவிலிருந்து 38 கிலோ வரை இருக்கும். அதே அளவில் எம்.டி.எஃப். என்றால் சுமார் 40 கிலோ. கார் நிறுத்துமிடத்திலோ பால்கனியிலோ ஒரு பட்டறை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை செய்கிறவரின் பாதிக் கஷ்டம் இந்த அளவிலிருந்து வருகிறது. எப்படி உள்ளே கொண்டுவருவது, எங்கே சாய்த்து வைப்பது, எப்படித் திருப்புவது, முதல் வெட்டை எங்கே போடுவது? இந்தக் கேள்விகளுக்குச் சுவாரசியமான ஒரு வரலாறு இருக்கிறது.

*

பலகைக்கு அகலம் என்று ஒன்று மரத்திலிருந்துதான் வந்தது. இரண்டடி அகலப் பலகை வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய விட்டமுள்ள மரம் வேண்டும். அகலம் கூடக் கூட இன்னொரு தொல்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், கோடையில் சுருங்கும். இந்த அசைவு நாரின் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் மிக அதிகம். பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். அகலமான ஒரே பலகையாக இருக்காது. சட்டம் அடித்து, அதில் பள்ளம் எடுத்து, சின்னப் பலகைகளை அசைய இடம்விட்டுப் பொருத்தியிருப்பார்கள். அலங்காரம் போலத் தெரியும் அந்தக் கட்டங்கள், மரத்தின் குணத்துக்குத் தச்சர்கள் கண்ட வழி.

மெல்லிய தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி வைத்தால் ஒன்றின் அசைவை இன்னொன்று பிடித்து நிறுத்தும் என்பது மிகப் பழைய அறிவு. எகிப்தின் சக்காராவில், ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்குள் ஆறு அடுக்கு மரத் தகடுகளைச் சின்னச் சின்ன மர ஆப்புகளால் இணைத்துச் செய்த சவப்பெட்டியின் பாகங்கள் கிடைத்தன. 4600 ஆண்டுப் பழமை. நியூயார்க்கின் ஜான் மேயோ 1865இல் இந்தக் குறுக்கு அடுக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அதை வைத்து அவர் பெரிதாக ஒன்றும் சம்பாதித்ததாகத் தெரியவில்லை.

உண்மையில் அளவை விடுவித்தது சுழல் கடைசல் இயந்திரம். முழு மரத்துண்டையும் இரண்டு முனைகளில் பிடித்துச் சுழற்றி, நீளமான கத்தியை அதன்மேல் அழுத்தினால், சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல மரம் தகடாக உரிந்துகொண்டே வரும். ஒன்றரை அடி விட்டமுள்ள மரத்திலிருந்து பல பத்து மீட்டர் நீளத் தகடு. பலகையின் அகலத்துக்கும் மரத்தின் அகலத்துக்கும் இருந்த உறவு அத்தோடு அறுந்தது. எவ்வளவு பெரிய ஷீட் வேண்டுமானாலும் செய்யலாம் என்றான பிறகுதான், எவ்வளவு பெரிதாகச் செய்வது என்ற கேள்வியே பிறக்கிறது.

முதலில் வந்த பதில் சின்னது. ரஷ்யப் பேரரசின் பால்டிக் கரையில் ரெவால் என்றொரு துறைமுகம், இன்றைய எஸ்தோனியாவின் டாலின். அங்கே லூதர் குடும்பத்தின் தொழிற்சாலை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிர்ச் மரத்தை உரித்து நாற்காலி இருக்கைகள் செய்தது. லண்டனில் அதன் விற்பனைக்கு வெனெஸ்டா என்றொரு நிறுவனம் எழுந்தது. வெனீர், எஸ்தோனியா என்ற இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். அவர்களின் பெரிய சரக்கு தேயிலைப் பெட்டி. அசாமுக்கும் இலங்கைக்கும் பெட்டியாகப் போகாது; தட்டையான பலகைகளாகக் கட்டி அனுப்புவார்கள், தோட்டத்தில் தகர விளிம்பு வைத்து அடித்துப் பெட்டியாக்கித் தேயிலை நிரப்புவார்கள். ஒவ்வொரு பலகையும் ஒன்றரை அடி, இரண்டடி. யாரும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம். பெட்டியின் அளவே பலகையின் அளவாக இருந்த காலம் அது.

அந்தப் பெட்டிகள் தென்துருவம் பக்கமும் போயின. ஷாக்கில்டன் 1907இல் புறப்பட்ட நிம்ராட் பயணத்துக்கு உணவுப் பொருள்களை வெனெஸ்டா பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனார். 1908ஆம் ஆண்டின் துருவக் குளிர்காலத்தில் வெளியே போக வழியில்லாமல், குடிசைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வைத்து 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்' என்றொரு புத்தகத்தை அச்சடித்தார்கள். அட்டைக்கு என்ன செய்வது? காலிப் பெட்டிகளின் பிளைவுட்டை அறுத்து இழைத்து அட்டையாக்கினார் பெர்னார்ட் டே. பெட்டியில் குத்தியிருந்த எழுத்துகள் அட்டையின் உள்பக்கம் அப்படியே நின்றுவிட்டன. இன்றும் பழம்புத்தக உலகில் அதன் பிரதிகளை 'பட்டர்' பிரதி, 'ஐரிஷ் ஸ்ட்யூ' பிரதி என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். மிச்சப் பிளைவுட்டை எங்கே வைப்பது என்ற பிரச்சினைக்கு இவ்வளவு நல்ல தீர்வை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

*

எட்டுக்கு நாலு அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்தது. 1905இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் நடந்த கண்காட்சிக்காக, பழக்கூடை செய்துகொண்டிருந்த போர்ட்லாண்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி டக்ளஸ் ஃபிர் தகடுகளை ஒட்டிக் காட்டியது. பசையைப் பெயின்ட் பிரஷ்ஷால் தடவி, வீட்டைத் தூக்கும் ஜாக்கிகளை வைத்து அழுத்தினார்கள். வாங்கியவர்கள் கதவு செய்கிறவர்கள். எனவே பலகை கதவுக் கட்டத்தின் அளவில் வந்தது. பிறகு கார் கம்பெனிகள் வாங்கின.

1928இல் கட்டடங்களுக்கான பொதுப் பொருளாக 4 அடிக்கு 8 அடி ஷீட் அங்கே அறிமுகமானது. ஏன் அந்த அளவு என்பதற்கு விடை மர வீட்டின் சுவருக்குள் இருக்கிறது. அமெரிக்கச் சுவர் செங்கல் கிடையாது. நிற்கும் சட்டங்களின் வரிசை. அந்தச் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் நிற்கும். அதற்கும் ஒரு முன்கதை: பிளைவுட் வருவதற்கு முன் சட்டங்களின்மேல் மெல்லிய ரீப்பர்களை அடித்துச் சாந்து பூசுவார்கள், அந்த ரீப்பர் நாலு அடி நீளத்தில் விற்றது, நாலு அடி என்றால் மூன்று 16 அங்குலம். ஷீட்டின் அகலமும் நாலு அடியாக இருந்தால் விளிம்பு சரியாக ஒரு சட்டத்தின்மேல் வந்து உட்காரும், ஆணி அடிக்கலாம். நீளம் எட்டடி என்றால் ஆறு 16 அங்குலம். நிறுத்தி வைத்தால் தரையிலிருந்து கூரை வரை. சாந்து பூசும் ரீப்பரின் நீளம் சட்டத்தின் இடைவெளியாகி, சட்டத்தின் இடைவெளி ஷீட்டின் அகலமாகியிருக்கிறது. கோயம்புத்தூரில் செங்கல் சுவர் வைத்த வீட்டில் அலமாரி செய்கிறவருக்கும் இப்போது அதே நாலு அடிதான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1934இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் தண்ணீருக்குப் பிரியாத பசையைக் கண்டுபிடித்தார். போர் வந்தது, பிளைவுட் விமானமானது, படகானது. பிரிட்டனில் நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகள் மாஸ்கிட்டோ விமானத்தின் பாகங்களைச் செய்தன. போர் முடிந்தபின் ஆலைகளின் கொள்ளளவு அப்படியே நின்றது. வாங்க ஆள் வேண்டும். புறநகர் வீடு, அதில் ஒரு கார் கொட்டகை, சனிக்கிழமைகளில் அதற்குள் ரம்பத்தோடு நிற்கும் குடும்பத்தலைவன் என்று ஒரு புது மனிதனே உருவானான். 1954 ஆகஸ்டில் டைம் பத்திரிகை 'நீங்களே செய்யுங்கள்' மோகத்தை அட்டையில் போட்டது. பிளைவுட் சங்கமே அலமாரிக்கும் படகுக்கும் வரைபடங்கள் போட்டு விநியோகித்தது.

கார்களும் வளைந்துகொடுத்தன. பின்பக்கம் ஒரு முழு ஷீட் படுக்கையாகப் போகுமா என்பது அமெரிக்காவில் வாகனத்தை அளக்கும் ஒரு வழியாகவே ஆனது. 1984 மாடலாக வந்த கிரைஸ்லர் மினிவேனின் பெருமைகளில் ஒன்று, இருக்கைகளை எடுத்துவிட்டால் நாலுக்கு எட்டு ஷீட் தரையில் தட்டையாக உட்காரும் என்பது. வீடு, கொட்டகை, வண்டி எல்லாம் அந்த அளவுக்கு ஏற்ற உருவில் வளர்ந்ததால் அந்த ஊரில் ஷீட் ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை. அங்கிருந்து வரும் மரவேலைப் புத்தகங்களையும் வீடியோக்களையும் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. 'ஷீட்டைக் கொட்டகையின் சுவரோரம் நிறுத்துங்கள்' என்று அவர் சாதாரணமாகச் சொல்லும் கொட்டகையில் நம் ஊரில் ஒரு குடும்பம் குடியிருக்கும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கலாம் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே பிளைவுட்டின் சாதாரண அளவு 1820க்கு 910 மில்லிமீட்டர். சாபுரோகு என்பார்கள், மூணு-ஆறு. மூன்று ஷாக்கு அகலம், ஆறு ஷாக்கு நீளம். ஷாக்கு என்பது ஏறக்குறைய நம் அடி. அது ஒரு தத்தாமி பாயின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். தத்தாமி ஓர் ஆள் படுக்கும் அளவு. அமெரிக்கன் சுவரை அளந்து ஷீட் செய்த இடத்தில் ஜப்பானியன் படுத்திருக்கும் மனிதனை அளந்து செய்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. அவர்களும் தங்கள் வீட்டின் தூண் இடைவெளியைப் பார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் தூண் இடைவெளியும் பாயும் ஒன்றையொன்று ஒட்டி வந்தவை. விளைவு என்னவென்றால், 12 எம்.எம். மூணு-ஆறு ஷீட் 11 கிலோ சொச்சம். ஒரு தச்சர் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறலாம். ரஷ்ய, பால்டிக் பிர்ச் இன்றும் ஐந்துக்கு ஐந்து அடிச் சதுரமாக வருகிறது. இவை எதுவும் இயற்கை விதியல்ல.

*

பலகையை எங்கே வெட்டுவது என்ற கேள்வியிலிருந்து கணிதத்தில் ஒரு துறையே கிளம்பியது என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை.

1938இல் லெனின்கிராடு பல்கலைக்கழகத்தில் 26 வயதுப் பேராசிரியர் லியோனிட் கான்டரோவிச்சிடம் பிளைவுட் டிரஸ்டின் ஆய்வகத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களிடம் எட்டு மரம் உரிக்கும் இயந்திரங்கள், ஐந்து வகை மரம். ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு வகையை வெவ்வேறு வேகத்தில் உரிக்கும். ஐந்து வகைகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் வைத்துக்கொண்டு மொத்த உற்பத்தியை அதிகமாக்க எந்த இயந்திரத்துக்கு எதைக் கொடுப்பது? சாத்தியங்களை ஒவ்வொன்றாகக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நடக்காத காரியம். கான்டரோவிச் அதற்கு ஒரு புதிய வழியைக் கண்டார். 1939இல் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். இன்று நேரியல் நிரலாக்கம் என்று பொறியியல் கல்லூரியில் ஐந்து மார்க், பத்து மார்க்குக்குப் படித்து மறக்கும் பாடத்தின் பிறப்பிடம் அந்தப் பிளைவுட் ஆலை. அதே புத்தகத்தில் பெரிய தகடுகளை வீணாகாமல் வெட்டுவது பற்றியும் எழுதியிருந்தார். 1951இல் விக்டர் சால்காலருடன் சேர்ந்து அதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். 1975இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது.

ரம்பத்துக்கு ஒரு குணம் உண்டு: நடுவில் நின்று திரும்பாது. ஒரு விளிம்பில் நுழைந்தால் எதிர் விளிம்பில் வெளியே வரவேண்டும். இதை கில்லட்டின் வெட்டு என்பார்கள். இந்த நிபந்தனையோடு ஓர் அலமாரிக்கான இருபது துண்டுகளை மூன்று ஷீட்டில் அடுக்குவதைக் கைப்பேசிச் செயலியே இப்போது நொடியில் செய்துவிடுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் தின்னும் மூன்று மில்லிமீட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்த ஆசாரியிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டினேன். மிச்சம் நான்கு சதவீதம்தான் என்று பெருமையாகச் சொன்னேன். முதல் வெட்டு நீளவாக்கில், எட்டடி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா மொதல்ல குறுக்க ஒண்ணு போட்டுரலாம், அப்புறம் நீளத்துல இழுத்துக்கலாம். இதை யாரு சார் புடிக்கிறது?" என்றார். அவரிடம் இருந்தது கை ரம்ப மெஷின், ஒரு பையன், இரண்டு ஸ்டூல். எட்டடி வெட்டில் பாதி தாண்டும்போது இரண்டு பக்கமும் தொங்கி, வெட்டின் வாய் மூடி, பிளேடைக் கவ்வும். அவர் சொன்னபடி குறுக்கே வெட்டினால் கூடுதலாக ஒரு துண்டு வீணாகும். ஆனால் அதற்குமேல் எல்லாவற்றையும் ஒரே ஆள் கையாளலாம். செயலியின் சமன்பாட்டில் மரத்துக்கு விலை இருக்கிறது, முதுகுக்கு இல்லை. கான்டரோவிச் அதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வழி வைத்துத்தான் இருந்தார்; செயலி எழுதுகிறவர்கள்தாம் சேர்ப்பதில்லை.

*

முதுகுக்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரத்தில், மிகச் சாதகமான நிலையில், சுமை உடம்பை ஒட்டியும் இடுப்புயரத்திலும் இருந்தால், தூக்கலாம் என்று எடுத்துக்கொண்ட உச்ச எடை 23 கிலோ. சுமை உடம்பைவிட்டு விலக விலக அது இறங்கும். ஒரு முழு ஷீட் இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தேறாது. எடைகூட இரண்டாவது பிரச்சினைதான். நாலு அடி அகலத்தை அக்குளில் இடுக்கினால் கை கீழ் விளிம்பை எட்டாது. மேலே பிடித்தால் நழுவும்.

இதற்குப் பழைய தந்திரம் ஒரு கயிறு. சுமார் 18 அடிக் கயிற்றை வளையமாகக் கட்டி, ஷீட்டின் கீழ் மூலைகள் இரண்டிலும் மாட்டி, நடுவில் இரண்டு இழையையும் சேர்த்து ஒரு கையால் தூக்கினால் ஷீட் இடுப்போடு ஒட்டி நிற்கும். காசு கொடுத்து வாங்கும் இரும்புக் கொக்கியும் இதையேதான் செய்கிறது: கையை ஓர் அடி நீட்டித் தருகிறது.

அடுத்தது வளைவு. மூன்றடி அகல நடை ஒன்று செங்கோணத்தில் திரும்பி இன்னொரு மூன்றடி நடையாகிறது. நெட்டாக நிறுத்திய எட்டடி ஷீட் திரும்புமா? கணக்குப் போட்டால் அங்கே திரும்பக்கூடிய அதிகபட்ச நீளம் 8.49 அடி. அரை அடி மிச்சத்தில் திரும்பிவிடும். நடை இரண்டே முக்கால் அடி என்றால் 7.78 அடி, திரும்பாது. மூன்று அங்குலத்தில் முடிவு மாறுகிறது. நம் அடுக்ககங்களின் சின்ன லிஃப்டுகளில் ஷீட் நுழையாது என்பது தெரிந்ததுதான். எனவே படி, ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் திருப்ப வேண்டும். மாடிக்கு இவ்வளவு, ஷீட்டுக்கு இவ்வளவு என்று ஏத்துக்கூலி பேசுவது இதனால்தான். சென்னையில் கடையிலிருந்து மீன்பாடி வண்டியில் வரும். அங்கிருந்து தலையில் சும்மாடு வைத்து ஒருவர் ஏற்றுவார். பில்லில் பிளைவுட்டுக்கு வரி உட்பட எல்லாம் இருக்கும். அந்தக் கூலி தனியாக, கையில். நாலு மாடி ஏறி இறங்கும் அந்த மனிதர் இல்லாவிட்டால் எட்டுக்கு நாலு இந்த ஊரில் ஒரு நாள்கூட நின்றிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே வந்தபின் எங்கே வைப்பது? படுக்கையாக வைப்பதே நல்லது. அடியில் ஒரே உயரத்தில் நாலைந்து கட்டைகள் வைத்துத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். ஆனால் முப்பது சதுர அடித் தரை யாரிடம் இருக்கிறது? ஆகவே சுவரோரம் நிறுத்துகிறோம். இங்கே இரண்டு விதிகள் எதிரெதிராக இழுக்கும். அதிகமாகச் சாய்த்தால் நடுவில் தாங்கல் இல்லாமல் ஷீட் தன் எடைக்கே மெல்ல மெல்ல வளையும்; மரம் அப்படி வளைந்தால் எடையை எடுத்த பிறகும் முழுதாக நிமிராது. சுவர் ஈரமாக இருந்தால் ஒரு முகம் உப்பி மறு முகம் உலர்ந்து இன்னும் வளையும். சரி, நெட்டாக நிறுத்தலாம் என்றால் கவிழும்.

கவிழ்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் போகும் விஷயம். நாலு அடி உயரமாக, நீள விளிம்பில் பத்து ஷீட் நிற்கிறது. மொத்தம் 350 கிலோ. பின்னால் இருக்கும் ஷீட்டைப் பார்க்க, முன்னால் உள்ளவற்றைப் புத்தகப் பக்கம் போல நம் பக்கம் சாய்க்கிறோம். நெட்டிலிருந்து 10 டிகிரி சாய்ந்தால் மேல் விளிம்பில் நம் கை தாங்க வேண்டியது சுமார் 30 கிலோ. தாங்கலாம். 20 டிகிரியில் 60 கிலோ. 30 டிகிரியில் 87. தாங்க முடியவில்லை என்று நமக்குத் தெரியும் கணத்துக்கும், தாங்கவே முடியாத கணத்துக்கும் நடுவே ஒரு விநாடிகூட இருக்காது. பின்னால் சுவரோ மேஜையோ இருந்தால் ஒதுங்கவும் முடியாது. கட்டடங்களிலும் கிடங்குகளிலும் பலகை அடுக்கு இப்படிச் சரிந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் சொல்லவே வேண்டாம். நெட்டாக வைப்பதென்றால் இரண்டு மூன்று ஷீட்டுக்கு ஒரு தடுப்பு வைத்த ரேக் வேண்டும். இல்லையென்றால் சுவரில் கொக்கி அடித்து ஒரு சங்கிலியோ பட்டையோ குறுக்கே மாட்ட வேண்டும். நூறு ரூபாய் சமாச்சாரம்.

*

ஷீட்டின் அளவு மாறவில்லையே தவிர, உள்ளே இருப்பது மாறிவிட்டது. இறக்குமதித் தேயிலைப் பெட்டிக்குப் பிறகு அசாமிலேயே பிளைவுட் ஆலைகள் எழுந்தன. ஹோலாங் என்ற ஓங்கி வளரும் காட்டு மரம் அவற்றுக்குத் தீனி. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், அந்த எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அசாமிலும் உள்ள மர அறுவை, வெனீர், பிளைவுட் ஆலைகளை உடனே மூட வேண்டும். நாடெங்கும் உரிய அனுமதியின்றிக் காட்டில் மரம் வெட்டுவது நின்றது. அந்த வழக்கு நம் நீலகிரியில் தொடங்கியது. கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து நிலம்பூர் அரச குடும்பத்தின் கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் போட்டது.

பிளைவுட் தொழில் இடம் மாறியது. ஹரியானாவின் யமுனாநகரில் விவசாயிகள் வயலோரம் வளர்க்கும் பாப்லார், கேரளத்தின் பெரும்பாவூரில் பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரம். காட்டு மரத்துக்குப் பதில் தோட்ட மரம் என்பது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒல்லியான, சீக்கிரம் வளர்ந்த மரத்தை உரித்தால் அகலமான ஒரே தகடு கிடைக்காது. துண்டு துண்டாக வைத்து அடுக்க வேண்டும். உள்ளே இடைவெளி விழும், தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அழுத்தம் சமமாக இருக்காது. ஒரு வாரம் சுவரில் சாய்த்து வைத்தாலே வளைந்துவிடுகிறது என்று இன்று நாம் புலம்பும் ஷீட்டின் கதையில் இதற்கும் பங்கு உண்டு. எட்டடி நீளத்தைத் தன் உடம்பிலேயே தரக்கூடிய காட்டு மரத்தை மனதில் வைத்துப் பழகிய அளவை, பத்து வருடக் கன்று மரத்தை வைத்து ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

*

ஷீட்டை ரம்பத்திடம் கொண்டுபோவதா, ரம்பத்தை ஷீட்டிடம் கொண்டுபோவதா? ஆலை முதல் வழியைப் பிடித்தது. வில்ஹெல்ம் ஆல்டெண்டார்ஃப் 1906இல் பெர்லினில் செய்த நகரும் மேஜை ரம்பம் இன்றும் பெரிய பட்டறைகளின் நடுநாயகம். ஷீட் அதன்மேல் ஏறி நகரும். அதற்கு நாற்புறமும் இரண்டரை மீட்டர் காலி இடம் வேண்டும், அதாவது ஒரு சின்ன வீடு வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு ஏற்றது இரண்டாவது வழி. ஷீட் தரையில், தெர்மோகோல் பலகையின்மேல் படுத்தே கிடக்கட்டும். நேர்விளிம்பு ஒன்றை அதன்மேல் வைத்துக் கை ரம்பத்தை அதை ஒட்டித் தள்ள வேண்டியதுதான். ஜெர்மனியின் ஃபெஸ்டோ இதற்கென்றே தண்டவாளம் வைத்த ரம்பம் கொண்டுவந்தது. இப்போது எல்லாக் கம்பெனியும் செய்கிறது. தரையில் உள்ள ஷீட் கீழே விழாது, தொங்காது, பிளேடைக் கவ்வாது. ஆலையின் பொறியியலைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

அதைவிட எளிது, கடையிலேயே வெட்டி வாங்குவது. பல ஊர்களில் கடைக்குப் பக்கத்திலேயே பேனல் ரம்பம் வைத்திருக்கிறார்கள், வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அங்கே நீளவாக்கில் சரிபாதியாக ஒரு வெட்டுப் போட்டால் ரம்பம் தின்றது போக 608 மில்லிமீட்டர் சொச்சத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். இரண்டடிக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. நம் வீட்டு அலமாரிகளின் ஆழம் ஏன் இரண்டடியிலும் அதற்குச் சற்றுக் குறைவாகவும் நிற்கிறது என்று யோசித்தால், சட்டை மாட்டும் ஹேங்கரின் அகலம் ஒரு பாதிக் காரணம், ஷீட்டின் பாதி மறு பாதிக் காரணம். அலமாரிக் கதவை ஏழடிக்கு வைப்பார்கள். ஒவ்வொரு ஷீட்டிலும் மேலே ஓர் அடி மிஞ்சும்.

அந்த ஓர் அடித் துண்டுகளைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. அவை பரண்மேலும் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் போய்ச் சேரும். என்னிடம் இப்போது பதினோரு துண்டுகள் இருக்கின்றன, அகலவாரியாக அடுக்கி, விளிம்பில் பென்சிலால் அளவு எழுதி. எல்லாமே ஒரே ஆள் ஒரு கையால் தூக்கக்கூடியவை. வெனெஸ்டாக்காரர்கள் இலங்கைக்கு அனுப்பிய பலகைகளின் அளவுக்கு ஏறக்குறையச் சமம்.